நின்றபின் எவ்வளவு பாரம்

பத்தொன்பது வருஷமாய்
அடுத்தவர் வீட்டுச் சுவரில் சுழலும் சில்லைப் பார்த்து
எண் எழுதுகிறவன் நான்.
அலுமினியச் சில்லு. விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு.
கோடு வேகமாய் வந்தால் உள்ளே அயன் பெட்டி;
ஆடி அசைந்து வந்தால் ஒற்றை மின்விசிறி.

உவர்மலை ஏற்றத்தில் மட்டும்
என் சில்லு சுழலாது.
இறங்கி உருட்டுவேன்.
வளைவில் ஒரு செம்பட்டை நாய்
நான் இறங்கும் இடத்துக்காகவே காத்திருக்கும்.

மோட்டர் பூட்டலாம் என்று
மூன்று கடை ஏறினேன்.

என்.சி. ரோட்டில் நவ்ஷாத்
முன்சில்லுக்குப் போடச் சொன்னார்.
"அரை மணித்தியால வேலை அண்ணே,
பின்பக்கம் கை வைக்கவே தேவையில்லை."
பிறகு குனிந்து முன் ஃபோர்க்கைப் பார்த்தார்.
வெல்டிங் வைத்த இடத்தில் உப்புக்காற்று
பழுப்பாய் ஒரு கோடு கீறியிருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்தான்.

அபயபுரவில் சமிந்தவின் மேசையில்
மூன்று ஈயப் பற்றரி.
"லாபாய் மாத்தயா, லாபாய்."
தூக்கிப் பார்த்தேன்.
வெறுங் காஸ் சிலிண்டரைக் கரியரில் கட்டிக்கொண்டு
ஆர் மலையேறுவது?

பாலையூற்றுக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
ஜெனிஸ்ரா, வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்வியபடி,
வாற் எத்தனை வேண்டும் என்று கேட்கவில்லை,
வேகமும் கேட்கவில்லை.
"சார்ஜ் முடிஞ்சா மிதிப்பீங்களோ, உருட்டுவீங்களோ?"

இரண்டு மோட்டரை இடுக்கியில் பூட்டி
சுத்துங்கோ என்றாள்.
ஒன்று, உள்ளே காந்தம் பிடித்து இழுக்க,
விக்கி விக்கி நின்றது,
கடன்காரனைக் கண்டவன் நடை மாதிரி.
மற்றது சின்னது. உள்ளே பல்சக்கரம்.
விட்ட கையை மறந்துவிட்டு
தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தாள்:
வோல்ற், வாற், விலை,
ஆறு மாத உத்தரவாதம்,
கடல்தண்ணி பட்டால் இல்லை.

பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணிக்கு நின்றேன்.
கொம்பு முளைக்காத மான் ஒன்று
கரியரில் இருந்த தாளை உருவியது.
முதலில் வோல்ற் போனது.
பிறகு விலை.
உத்தரவாதத்தை மென்றபடி என்னைப் பார்த்தது.
பக்கத்து மேசைக்காரர்
"அதுக்கும் ஒரு கோப்பை சொல்லுங்கோ" என்றார்.

வீட்டில் தயாபரி கேட்டாள், என்னதான் எழுதியிருந்தது?
உருட்டுவீங்களோ எண்டு கேட்டது மட்டும்
ஞாபகம் இருக்கு என்றேன்.

பெற்றோல் இல்லாத அந்த வருஷம்
எங்கள் ஒழுங்கை முழுக்க
மோட்டார் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போனது.
நான் மிதித்துக்கொண்டு போனேன்.
ஓடுகிற வண்டிக்கு எடை இல்லை.
நின்றபின்தான் அது தராசில் ஏறுகிறது.

ஆகவே சின்னது. ஆகவே பின்சில்லு.
லித்தியம், முப்பத்தாறு வோல்ற், பத்து அம்பியர்.
மீட்டர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெருக்கினேன்:
சார்ஜர் தின்னுவதையும் சேர்த்து
அரை யூனிட் வராது.
லயத்தில் நாலு வீட்டில்
இதைவிட அதிகமாய் வீணாவதை
ஒவ்வொரு மாதமும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, உவர்மலை.
மிதிக்க மிதிக்க ஆரோ பின்னால் கை கொடுத்தார்கள்.
நாய் தன் இடத்தில் நின்றது.
நான் இறங்கவில்லை.
நாலடி ஓடி வந்து பார்த்துவிட்டு,
பியூஸ் பிடுங்கப்பட்ட வீட்டுக்காரன் போல
வாசலில் இருந்துவிட்டது.

இரவு சார்ஜரைச் செருகி,
ரோர்ச் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
என் சுவர். என் மீட்டர்.
கறுப்புக் கோடு வந்து போனது,
வந்து போனது,
நேற்றையைவிடக் கொஞ்சம் அவசரமாய்.
உள்ளிருந்து தயாபரி,
"எத்தினை ஓடுது?"

எண்ணை வாசித்தேன்.
பிறகு, எந்த வீட்டிலும் செய்யாதபடி,
இன்னொருமுறை வாசித்தேன்.